சார்லி கடித்த விரல்: ஒரு வீட்டு வீடியோவின் வரலாறு

இங்கிலாந்தில் ஒரு வீடு. ஒரே நாற்காலியில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணனுக்கு மூன்று வயது. தம்பி சார்லிக்கு ஒரு வயது. அண்ணன் விளையாட்டாகத் தம்பியின் வாயில் விரலை வைக்கிறான், தம்பி கடிக்கிறான். சும்மா இருப்பானா? மறுபடியும் வைக்கிறான். இந்த முறை பலமான கடி! அண்ணன் அலறுகிறான், தம்பி சிரிக்கிறான். அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஓடாத இந்த வீடியோ இணைய வரலாற்றில் இடம்பிடித்துவிட்டது.

பிள்ளைகள் வளர்வதை வீடியோ எடுத்து வைத்துக்கொண்டிருந்தார் அப்பா. அமெரிக்காவில் இருந்த, பிள்ளைகளின் ஞானத்தந்தைக்கு இதைக் காட்ட நினைத்தார். மின்னஞ்சலில் அனுப்ப முடியாத அளவுக்குக் கோப்பு பெரியது. அதனால் 2007 மே மாதம் யூடியூபில் ஏற்றினார். பார்க்க வேண்டியவர் ஒருவர். பார்த்ததோ உலகம்!

வீட்டு வீடியோவைப் பார்த்து ஊரே சிரிப்பது அதற்கு முன்பும் உண்டு. ஜப்பானிய நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்து, 1989இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி 'அமெரிக்காஸ் ஃபன்னியஸ்ட் ஹோம் வீடியோஸ்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. வாரந்தோறும் 10,000 டாலர் பரிசு. ஆனால் அங்கே ஊர் பார்க்கப்போகிறது என்று தெரிந்தேதான் குடும்பங்கள் கேசட்டை அனுப்பின. எதை ஒளிபரப்புவது என்று முடிவு செய்யவும் ஆட்கள் இருந்தார்கள். யூடியூபில் அந்த இரண்டுமே தேவைப்படவில்லை. கதவைத் தாழிடாவிட்டால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.

2009 அக்டோபரில் யூடியூபிலேயே அதிகம் பார்க்கப்பட்ட வீடியோ என்ற இடத்தைச் சார்லி பிடித்தான். சில மாதங்கள் கழித்து, 2010 ஏப்ரலில், லேடி காகாவின் 'பேட் ரொமான்ஸ்' பாடல் அதை முந்தியது. ஒரு குழந்தையின் கடியை முந்த ஒரு பெரிய பாடகி வரவேண்டியிருந்தது!

கூடவே பணமும் வந்தது. விளம்பர வருமானத்தில் பங்கு தரும் திட்டத்தை யூடியூப் தொடங்கியதும் அதே 2007இல்தான். 2021 மே மாதம், 88 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டிருந்த நிலையில், இந்த வீடியோ என்.எஃப்.டி. என்னும் டிஜிட்டல் உரிமைச் சான்றாக ஏலத்துக்கு வந்து 7,60,999 டாலருக்கு விலைபோனது. ஏலத்துக்குப் பின் யூடியூபிலிருந்து எடுத்துவிடுவதாகத்தான் முதலில் அறிவிப்பு. வாங்கியவரோ அதை அங்கேயே விட்டுவைக்கச் சம்மதித்தார். அப்போது அண்ணனும் தம்பியும் மீசை அரும்பும் வயதில் இருந்தார்கள்.

இந்தக் குடும்பத்துக்கு லாபம்தான். ஆனால் ஒரு வயதில் சார்லியிடம் யார் சம்மதம் கேட்டார்கள்? கேட்டிருந்தாலும் அவனால் சொல்லியிருக்க முடியுமா?

சட்டங்கள் இந்தக் கேள்விக்கு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தன. பிரான்ஸ் 2020இல் இயற்றிய சட்டப்படி, பெற்றோர் சம்மதம் இல்லாமலே தங்கள் வீடியோவை நீக்கச் சொல்லிப் பிள்ளைகள் கேட்கலாம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம், பிள்ளைகளை வைத்துத் தொடர்ந்து வீடியோ எடுத்துச் சம்பாதிப்பவர்கள் அவர்களுக்கென்று ஒரு பங்கை ஒதுக்க வேண்டும் என்கிறது.

ஆனால் இப்படித் தற்செயலாகப் பரவும் வீடியோவைச் சட்டம் போட்டு எப்படித் தடுப்பது? நீக்கச் சொல்லும் உரிமை கைக்கு வரும்போது, அது எத்தனையோ கணினிகளில் பிரதியாகிப் போயிருக்கும். ஆக, 'ஏற்று' என்ற பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய ஒரு நொடிதான் பெற்றோரின் கையில் இருக்கிறது. அந்த நொடியில் குழந்தைக்காகவும் சேர்த்து யோசிக்க வேண்டியவர்கள் அவர்களே.