கால்பந்தும் உதைபந்தும் சாக்கரும்

ஜவ்வாது மலையில் 'மலையாளி' என்று சொன்னால் யாருக்கும் கேரளம் நினைவுக்கு வராது. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் சாமை விதைத்து வாழ்ந்துவரும் பழங்குடி மக்களின் பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழ். முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாக அவர்களிடையே ஒரு மரபுக் கதையும் உண்டு. மலையிறங்கிப் போளூருக்கோ திருப்பத்தூருக்கோ வந்துவிட்டால் அதே சொல் கேரளத்துக்காரரைக் குறிக்கும். தமிழ்நாட்டுப் பழங்குடியினருக்கான அரசுப் பட்டியலில் இந்தப் பெயரோடு வட ஆர்க்காடு, சேலம், தருமபுரி என்று மாவட்டங்களும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கின்றன. எந்த மலையாளி என்று கேட்டால் இடத்தைச் சொல்லித்தான் விளக்க முடியும்.

இடத்தைச் சொன்னால்தான் விளங்கும் இன்னொரு சொல் 'ஃபுட்பால்'. லண்டன் ரசிகருக்கு அது மெஸ்ஸியும் ரொனால்டோவும் ஆடும் ஆட்டம். டெக்சஸ் ரசிகருக்கு அது தலைக்கவசம் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். மெஸ்ஸி ஆடுவது அவருக்கு 'சாக்கர்'. இருதரப்பும் சந்திக்கும் இடத்தில் சச்சரவு எழாமல் இருப்பது அபூர்வம். 'சாக்கர்' அமெரிக்கர்கள் கட்டிவிட்ட பெயர் என்று பிரிட்டிஷ் ரசிகர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். தமிழ்நாட்டு ரசிகர்களில் பலரும் அதையே நம்புகிறார்கள். ஆனால் அந்தச் சொல் பிறந்தது இங்கிலாந்தில்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு 'ஃபுட்பால்' வைத்திருந்தன. ஓரிடத்தில் பந்தைக் கையில் எடுக்கலாம், இன்னோரிடத்தில் கூடாது. இதை ஒழுங்குபடுத்த 1863 அக்டோபர் 26 அன்று லண்டனில் ஃப்ரீமேசன்ஸ் விடுதியில் சில குழுக்கள் கூடி 'ஃபுட்பால் அசோசியேஷன்' என்ற சங்கத்தை அமைத்தன. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைப்பதும் கூடாது என்று விதி வந்தபோது பிளாக்ஹீத் குழு வெளியேறியது. 1871இல் ரக்பி ஆட்டத்துக்கென்று தனிச் சங்கமே உருவாகிவிட்டது. இரண்டுமே 'ஃபுட்பால்'தான், எனவே ஒன்று 'ரக்பி ஃபுட்பால்', மற்றது 'அசோசியேஷன் ஃபுட்பால்' என்றானது.

இவ்வளவு நீளமான பெயர் மாணவர்களின் வாயில் நிற்குமா? அந்நாளைய ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்களுக்கு எந்தச் சொல்லையும் சுருக்கி, வாலில் 'அர்' ஒட்டிப் பேசுவது வழக்கம். ரக்பி 'ரக்கர்' ஆனது. அசோசியேஷனின் நடுத்துண்டை எடுத்து 'அர்' சேர்த்ததில் 'சாக்கர்' பிறந்தது.

கடல் கடந்த கதை வேறு. 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் பக்கத்துக்கு 25 பேராக மோதிய ஆட்டத்தையே அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். பின்னர் அங்கே ரக்பி முறை வேரூன்றியது. 1880 முதல் வால்டர் கேம்ப் என்பவர் கொண்டுவந்த விதி மாற்றங்கள் அதைத் தனி ஆட்டமாகவே ஆக்கிவிட்டன. ஊரெல்லாம் ஆடும் ஆட்டத்துக்கு ஊர் 'ஃபுட்பால்' என்ற வெறும் பெயரைக் கொடுத்தது. பின்தங்கிய ஆட்டம் 'சாக்கர்' என்ற பெயரோடு ஒதுங்கியது. 1913இல் 'ஐக்கிய அமெரிக்க ஃபுட்பால் அசோசியேஷன்' என்று தொடங்கிய அமைப்பு 1945இல் பெயரில் 'சாக்கர்' சேர்த்துக்கொண்டு, 1974இல் 'ஃபுட்பால்' என்பதையே விட்டுவிட்டது.

அதுவரை பிரிட்டனிலும் 'சாக்கர்' என்று சொல்ல யாரும் கூசவில்லை. 1960இல் லண்டனில் தொடங்கிய மாத இதழின் பெயர் 'வேர்ல்டு சாக்கர்'. மான்செஸ்டர் யுனைடெட் அணியின் புகழ்பெற்ற மேலாளர் மாட் பஸ்பி 1973இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலும் 'சாக்கர்' இருக்கிறது. 1975இல் பெலே நியூயார்க் காஸ்மோஸ் அணிக்குப் போனார். அமெரிக்க சாக்கர் உலகின் கண்ணில் பட்டது. 1980க்குப் பிறகு பிரிட்டிஷ் அச்சு உலகில் அந்தச் சொல் தேய்ந்ததைப் பொருளியலாளர் ஸ்டெஃபான் ஷிமான்ஸ்கி ஆராய்ந்து காட்டியிருக்கிறார். அமெரிக்கச் சாயல் ஏறிய தங்கள் சொல்லையே பிரிட்டிஷார் அந்நியமாக்கிக்கொண்டார்கள்.

மைதானத்துக்குள்ளும் இந்தப் பிரிவு உண்டு. லண்டனில் 'பிட்ச்', அமெரிக்காவில் 'ஃபீல்டு'. லண்டனில் 'பூட்ஸ்', அமெரிக்காவில் 'கிளீட்ஸ்'. லண்டனில் 'எக்ஸ்ட்ரா டைம்', அமெரிக்காவில் 'ஓவர்டைம்'. ஒரு கோலும் வாங்காமல் காத்தால் லண்டனில் 'கிளீன் ஷீட்', அமெரிக்காவில் 'ஷட்அவுட்'. சமநிலையில் முடிந்த ஆட்டம் லண்டனில் 'டிரா', அமெரிக்காவில் 'டை'. இந்தக் கடைசிச் சொல் தமிழ்க் காதில் சற்றே இடறும். கிரிக்கெட் கேட்டு வளர்ந்தவர்களுக்கு டிரா வேறு, டை வேறு. சென்னை வியாசர்பாடி மைதானத்தில் கால்பந்து மேட்ச் 'டிரா'தான் ஆகும்.

தமிழுக்குள்ளும் இந்த ஆட்டத்துக்கு ஒரே பெயர் இல்லை. தமிழ்நாட்டில் கால்பந்து. சிங்கப்பூர், மலேசியத் தமிழ் ஊடகங்களில் காற்பந்து. பால் + குடம் பாற்குடம் ஆவதுபோல, லகரம் றகரமாகத் திரியும் புணர்ச்சியை அவர்கள் விடாமல் பின்பற்றுகிறார்கள். இலங்கையில் உதைபந்தாட்டம். 'உதைபந்து' ஒரு வினைத்தொகை: உதைத்த, உதைக்கின்ற, உதைக்கும் பந்து. ஊறுகாய், சுடுசோறு போன்ற அமைப்பு; நடுவில் ஒற்று மிகாது. கால்பந்து உறுப்பைச் சொல்கிறது, உதைபந்து செயலைச் சொல்கிறது. இரண்டும் தமிழ் இலக்கணத்துக்குள் பழுதில்லாமல் பிறந்தவை.

சென்னை நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தையும் யாழ்ப்பாண நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். இங்கே நடுவர், அங்கே மத்தியஸ்தர். இங்கே போட்டித் தொடர், அங்கே சுற்றுப்போட்டி. இங்கே பயிற்சியாளர், அங்கே பயிற்றுநர். கோல் மட்டும் இரண்டிலும் கோல்தான்.

வாலிபாலை எடுத்துக்கொண்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். தமிழ்நாட்டில் அது கைப்பந்து, இலங்கையில் கரப்பந்து. ஒரு கம்பம் இந்தப் பக்கம், ஒரு கம்பம் அந்தப் பக்கம், நடுவே வலை என்று ஊர்ப் பொட்டலிலேயே ஆடிவிடக்கூடிய ஆட்டமாதலால், தமிழ்நாட்டில் 'கை' என்ற பொதுப்பெயரை வாலிபால் எடுத்துக்கொண்டது. பிறகு வந்த ஹேண்ட்பாலுக்குச் சொல்லுக்குச் சொல் பொருந்தும் தமிழ்ப்பெயர் கைப்பந்துதான். ஆனால் அந்த இடம் நிரம்பிவிட்டது. அது பெரும்பாலும் ஹேண்ட்பால் என்றே அச்சாகிறது. டெக்சஸில் ஃபுட்பாலுக்கு நடந்ததும் இதுவே. எந்த ஆட்டம் மண்ணில் முதலில் பரவியதோ அதுவே எளிய பெயரைப் பிடித்துக்கொள்கிறது. அதில் அறியாமையும் இல்லை, திமிரும் இல்லை.

ஆகவே 'உதைபந்தாட்டம்' என்று எழுதும் ஈழத்து எழுத்தாளரின் படியில் அதைக் 'கால்பந்து' என்று திருத்தும் தமிழ்நாட்டுப் பதிப்பாசிரியர் பிழை எதையும் களைவதில்லை. வாழும் வழக்கு ஒன்றை அழிக்கிறார். 2026 உலகக் கோப்பையை நடத்தும் உரிமை பெற்ற நகரங்களில் டொரண்டோவும் ஒன்று. யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள் பெருந்தொகையாக வாழும் நகரம் அது. அங்கே ஒரே வீட்டில் பெற்றோர் உதைபந்தாட்டம் பார்க்க, பிள்ளைகள் சாக்கர் பார்க்க, சென்னையிலிருந்து தொலைபேசும் நண்பர் கால்பந்து பற்றிக் கேட்கலாம். தமிழ் விளையாட்டுச் செய்தியாளர்களும் அகராதி தொகுப்பவர்களும் கால்பந்து, காற்பந்து, உதைபந்து மூன்றையும் ஒரே பதிவில், சம உரிமையோடு, வழங்கும் நாட்டின் பெயரையும் குறித்து வைக்க வேண்டும்.