கயிறு இழுத்த கதை

அமெரிக்காவில், சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்தில் ஃப்ரீமாண்ட் என்று ஓர் ஊர். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1960-களின் ஆரம்பத்தில் ஒரு பிரமாண்டமான கார் தொழிற்சாலையைத் திறந்தது. அடுத்த இருபது வருடங்களில் அது சம்பாதித்த பெயர் இருக்கிறதே... கேட்டால் காதைப் பொத்திக்கொள்வீர்கள்!

எந்த நாள் எடுத்துக்கொண்டாலும் ஐந்தில் ஒருத்தர் வேலைக்கு வரமாட்டார். திங்கட்கிழமை என்றால் இன்னும் மோசம். லைனை ஓட்ட ஆள் தேறாமல், எதிரே இருந்த மதுக்கடைக்குப் போய் ஆள் பிடித்து வந்த கதையெல்லாம் உண்டு. வேலை நேரத்திலேயே குடி, போதை மருந்து, சூதாட்டம். மேலதிகாரி மேல் கோபமா? கார் கதவின் உள்கூட்டுக்குள் ஒரு காலி பாட்டிலைப் போட்டு மூடிவிடுவார்கள். அந்தக் காரை வாங்கிய புண்ணியவான் கதவைத் திறக்கும்போதெல்லாம் 'கடகட'வென்று சத்தம் வரும். எங்கிருந்து என்று கடைசி வரை அவருக்குத் தெரியாது!

சரி, நிர்வாகம் மட்டும் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. அங்கே வேதவாக்கு ஒன்றே ஒன்றுதான்: லைன் நிற்கக் கூடாது. பாகம் தப்பாக மாட்டியிருக்கிறதா, இருக்கட்டும். கார் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். வெளியே முற்றத்தில் நிறுத்திப் பிற்பாடு பிரித்து ரிப்பேர் பண்ணிக்கொள்ளலாம். தப்பைக் கண்டுபிடித்துச் சொல்கிற தொழிலாளிக்கு 'உன் வேலையைப் பார்' என்பதுதான் பதில். அப்படிச் சொல்லியே பழக்கப்பட்ட இடத்தில் யாருக்கு வேலை மேல் அக்கறை வரும்?

1982 மார்ச்சில் தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டுக்குப் போனார்கள். கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

மறு வருடமே ஜப்பானின் டொயோட்டா வந்து கதவைத் தட்டியது. அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் ஜப்பான் கார்களின் எண்ணிக்கைக்கு 1981-ல் கட்டுப்பாடு வந்திருந்தது. அதனால் அமெரிக்க மண்ணிலேயே கார் செய்து பழக டொயோட்டாவுக்கு ஆசை. ஜெனரல் மோட்டார்ஸுக்கோ, நல்ல சின்னக் கார் செய்யும் வித்தை வேண்டும். இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்தார்கள். புதுக் கம்பெனியின் பெயர் 'நும்மி'.

தொழிற்சங்கம் விடாப்பிடியாக நின்றது. டொயோட்டா முதலில் தயங்கியது. கடைசியில் ஒப்புக்கொண்டு, ஆரம்பத்தில் சேர்த்த தொழிலாளிகளில் 85 சதவிகிதம் பேரைப் பழைய கூட்டத்திலிருந்தே எடுத்தது. ஆமாம், அதே பாட்டில் பார்ட்டிகள்தான்!

நும்மியின் முதல் தலைவராக வந்தவர் டாட்சுரோ டொயோடா. (கம்பெனி டொயோட்டா, குடும்பப் பெயர் டொயோடா. அச்சுப்பிழை இல்லை.) இவருடைய அப்பா கீச்சிரோதான் டொயோட்டா கார் கம்பெனியை ஆரம்பித்தவர். 1950-ல் அந்தக் கம்பெனி கடனில் முழுகும் நிலைக்கு வந்து, ஆட்குறைப்பு, பெரிய வேலைநிறுத்தம் என்று அல்லோலகல்லோலப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலையை விட்டுப் போக நேர்ந்தபோது, பொறுப்பை ஏற்றுக்கொண்டு கீச்சிரோவும் பதவியை ராஜினாமா செய்தார். இனி ஆட்களை அவ்வளவு சுலபமாக அனுப்புவதில்லை என்ற எண்ணம் டொயோட்டாவில் வேரூன்றியது அந்தக் காயத்துக்கு அப்புறம்தான்.

தாத்தா சகிச்சியின் கதை இன்னும் சுவாரஸ்யம். தச்சர் மகன். தறி செய்வதில் மேதை. நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடுகிற தறி அவருடையது. அறுந்த நூலோடு கெஜக் கணக்கில் துணி ஓடி வீணாவதைவிட, நிறுத்திச் சரி பார்த்துவிட்டு ஓட்டுவது லாபமில்லையா?

அந்தத் தறிதான் ஃப்ரீமாண்டில் ஒரு கயிறாக மறுபிறவி எடுத்தது! லைன் நெடுகத் தலைக்கு மேலே ஒரு கயிறு. ஏதாவது சரியில்லை என்று பட்டால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். உடனே குழுத்தலைவர் ஓடி வருவார். திட்ட அல்ல, உதவி செய்ய. குறித்த நேரத்துக்குள் சரியாகவில்லை என்றால் லைன் நிற்கும். லைனை நிறுத்தியவனைச் சீட்டைக் கிழித்து அனுப்புகிற ஊரில் இதை யார் நம்புவார்கள்? அதற்காகவே சுமார் 450 பேரை ஜப்பானுக்கு அனுப்பிச் சில வாரங்கள் பழக்கினார்கள். அங்கே பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் பலருக்கு நம்பிக்கை வந்தது.

எண்பதுக்கும் மேற்பட்ட வேலைப் பிரிவுகள் மூன்றாகச் சுருங்கின. அதிகாரிகளுக்கென்று இருந்த தனிச் சாப்பாட்டு அறையும் தனி கார் நிறுத்துமிடமும் போயின. 1984 டிசம்பரில் முதல் கார் வெளியே வந்தது. வேலைக்கு வராதவர்கள் எண்ணிக்கை மூன்று, நான்கு சதவிகிதத்துக்கு இறங்கியது. தரத்தில் ஜப்பான் தொழிற்சாலைகளை எட்டிப் பிடித்தார்கள். 1991-ல் மட்டும் தொழிலாளிகள் கொடுத்த யோசனைகள் பத்தாயிரத்துக்கு மேல். அதில் எண்பது சதவிகிதத்துக்கு மேல் நடைமுறைக்கு வந்தன. முன்பு இதே மூளைகள்தான் பாட்டிலை எங்கே ஒளிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தன!

ஆனால் கயிறு மட்டுமே இதைச் செய்துவிடவில்லை. 1988-ல் கார் விற்பனை படுத்துவிட்டது. மற்ற கம்பெனியாக இருந்தால் நூற்றுக்கணக்கானவர்களை அனுப்பியிருப்பார்கள். நும்மி ஒருவரைக்கூட அனுப்பவில்லை. சும்மா இருந்தவர்களைப் பயிற்சிக்கும், வேலை முறையைச் செப்பனிடவும் வைத்துக்கொண்டது. 'ஆட்குறைப்பு என்றால் அதற்கு முன் அதிகாரிகள் சம்பளத்தைக் குறைப்போம்' என்று 1985 ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள். யோசனை சொன்னால் தன் வேலைக்கே உலை என்ற பயம் போன பிறகுதான் யோசனைகள் வந்து கொட்டின என்பது என் கணிப்பு.

எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். ஒரு நிமிடத்தில் ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு விநாடி கை ஓய்வதில்லை. 'இது கசக்கிப் பிழிகிற நிர்வாகம்' என்று தொழிற்சங்கத்துக்குள்ளேயே ஒரு கோஷ்டி கொடி பிடித்தது. அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு.

ஜெனரல் மோட்டார்ஸ் என்ன கற்றுக்கொண்டது? தன் ஆட்களை அனுப்பி எல்லாவற்றையும் பார்க்க வைத்தது. பார்த்தவர்கள் திரும்பிப் போய், கலிபோர்னியாவிலேயே வான் நைஸ் தொழிற்சாலையில் அதே முறையைக் கொண்டுவர முயன்றார்கள். அதிகாரிகள் தங்கள் சலுகைகளை விடவில்லை. 'இது ஆள் குறைக்கும் சூழ்ச்சி' என்று தொழிலாளிகள் நம்பவில்லை. லைனை நிறுத்தினால் மேலிடத்தில் முகம் சுளித்தார்கள். வான் நைஸ் 1992-ல் மூடப்பட்டது. 2009 ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸே திவால் நீதிமன்றப் படியேறியது. அதே மாதம் நும்மியிலிருந்தும் கழன்றுகொண்டது.

கூட்டாளி போனதும் டொயோட்டா கணக்குப் பார்த்தது. 2010 ஏப்ரல் 1-ம் தேதி ஃப்ரீமாண்டிலிருந்து கடைசி கார் வெளியே வந்தது, ஒரு சிவப்பு கொரோலா. சுமார் 4,700 பேருக்கு வேலை போயிற்று. அமெரிக்காவில் டொயோட்டா கார் செய்த இடங்களிலேயே தொழிற்சங்கம் இருந்தது இந்த ஓர் இடத்தில்தான் என்பதைத் தொழிலாளிகள் கசப்போடு சுட்டிக்காட்டினார்கள். அடுத்த மாதமே அந்தக் கட்டடத்தை வாங்குவதாக டெஸ்லா அறிவித்தது.