பிற வங்கி ஏடிஎம் கட்டணம்: ஒரு கொள்கை தேய்ந்த வரலாறு

மாதத்தின் இலவச வாய்ப்புகள் தீர்ந்தபின் வேறொரு வங்கியின் ஏடிஎம்மில் பணம் எடுப்பவரிடம் 23 ரூபாய் வரை வசூலிக்கலாம் என்பது 2025 மே 1 முதல் நடப்பிலுள்ள விதி. 18 விழுக்காடு ஜிஎஸ்டியைச் சேர்த்தால் 27 ரூபாய் 14 காசு. 2008இல் இதே கட்டணத்தை அடியோடு நீக்குவதாக அறிவித்தது ரிசர்வ் வங்கி. அந்த அறிவிப்புக்கும் இன்றைய விதிக்கும் இடையே நடந்தது, விலையேற்றம் மட்டுமல்ல. ஏடிஎம் வலையமைப்பு பொதுச் சொத்தைப் போன்றது என்ற கருத்து படிப்படியாகக் கைவிடப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1996 முதல், இயந்திரத்தை வைத்திருப்பவரே வாடிக்கையாளரிடம் நேரடியாகக் கட்டணம் வாங்கும் முறை பரவியது. இந்தியாவில் அப்படியில்லை. இங்கே கட்டணத்தைப் பிடிப்பது அட்டையைக் கொடுத்த வங்கி, அதாவது நாம் கணக்கு வைத்திருக்கும் வங்கி. அந்த வங்கி, தன் வாடிக்கையாளர் பிற வங்கியின் இயந்திரத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் இயந்திர உரிமையாளருக்கு ஒரு தொகை செலுத்துகிறது. இதற்கு ‘இன்டர்சேஞ்ச்’ என்று பெயர். நாம் இலவசமாக எடுக்கும்போதும் இந்தத் தொகை கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே, ஏடிஎம் கட்டண வரலாறு என்பது பெரும்பகுதி இன்டர்சேஞ்ச் சுமையை வங்கி தாங்குவதா, வாடிக்கையாளர் தாங்குவதா என்ற இழுபறியின் வரலாறு.

இந்தியாவின் முதல் ஏடிஎம்மை 1987இல் மும்பையில் எச்எஸ்பிசி வங்கி நிறுவியது. அடுத்த பத்தாண்டுகள் ஒரு வங்கியின் அட்டை மற்றொரு வங்கியின் இயந்திரத்துக்குப் பொருந்தாது. எனவே இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1997இல் இந்திய வங்கிகள் சங்கத்தின் முயற்சியால் ‘ஸ்வதன்’ என்ற கூட்டு வலையமைப்பு தொடங்கியது. 2003 இறுதியில் அது மூடப்பட்டது. 2004 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி நிறுவனம் ‘நேஷனல் ஃபைனான்ஷியல் ஸ்விட்ச்’ என்ற இணைப்பகத்தைத் தொடங்கிய பின்னரே வங்கிகளின் இயந்திரங்கள் நாடளவில் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. 2009 டிசம்பரில் அது தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் பொறுப்புக்கு மாறியது.

இணைப்பு வந்ததும் கட்டணம் வந்தது. ஒவ்வொரு வங்கியும் தனக்குத் தோன்றிய தொகையை வைத்தது. எவ்வளவு பிடிப்பார்கள் என்பது பலருக்குக் கணக்குப் புத்தகத்தில் பதிவு விழுந்த பிறகே தெரிந்தது. இந்த நிலையில்தான் 2007 டிசம்பரில் ரிசர்வ் வங்கி ஓர் அணுகுமுறை அறிக்கையைப் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தது. நாட்டில் எங்கே நிறுவப்பட்ட ஏடிஎம்மையும் எந்த வாடிக்கையாளரும் கட்டணமின்றிப் பயன்படுத்த முடிவதே சிறந்த நிலை. வங்கிகள் தங்களுக்குள் நியாயமாக ஒத்துழைத்தால் அது இயலும் என்பது அதன் சாரம். ஒய்.வி. ரெட்டி ஆளுநராக இருந்த காலத்தில் இப்படி ஓர் இலக்கு எழுத்தில் வந்தது சாதாரணச் செய்தியல்ல. 2008 மார்ச் 10 சுற்றறிக்கை அதற்கு நாள் குறித்தது: பிற வங்கி ஏடிஎம்மில் இருப்பு பார்ப்பது உடனடியாக இலவசம், பணம் எடுப்பதற்கு 20 ரூபாய்க்கு மேல் வாங்குவோர் அம்மாத இறுதிக்குள் 20 ரூபாய்க்கு இறங்க வேண்டும், 2009 ஏப்ரல் 1 முதல் அதுவும் இலவசம்.

அந்த முழு இலவசம் நீடித்தது ஆறரை மாதம். மக்கள் தேவைக்கேற்பச் சிறுசிறு தொகையாகப் பலமுறை எடுக்கத் தொடங்கினார்கள். கையில் பணம் குறைவாக உள்ளவர் அப்படித்தான் எடுப்பார். அதைத் துஷ்பிரயோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் இன்டர்சேஞ்ச் கட்ட வேண்டியிருந்த வங்கிகள், தங்கள் சங்கத்தின் வழியாக முறையிட்டன. 2009 அக்டோபர் 15 முதல் சேமிப்புக் கணக்குக்கு மாதம் ஐந்து முறை மட்டுமே இலவசம், ஒரு முறைக்கு 10,000 ரூபாயே உச்சவரம்பு என்றானது. என் பார்வையில் உண்மையான திருப்பம் இதுதான். பின்னால் வந்த மாற்றங்கள் அனைத்தும் இந்த ‘ஐந்து’ என்ற எண்ணையும் ‘20’ என்ற எண்ணையும் நகர்த்திய கணக்குகளே. 2011 ஜூலை முதல் இருப்பு பார்ப்பதும் அந்த ஐந்துக்குள் அடங்கியது.

2012இல் வங்கியல்லாத நிறுவனங்களும் ‘ஒயிட் லேபிள்’ ஏடிஎம் நிறுவ அனுமதி கிடைத்தது. இவற்றுக்கு வைப்புத்தொகையோ கடன் வட்டியோ கிடையாது. இன்டர்சேஞ்சே முதன்மை வருமானம். அதே ஆண்டு ஆகஸ்டில் அத்தொகை பணம் எடுப்பதற்கு 15 ரூபாயாக இருந்தது. 2013 நவம்பரில் பெங்களூரு ஏடிஎம் ஒன்றில் ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்டார். காவலாளி, கேமரா எனப் பாதுகாப்புச் செலவு பற்றிய பேச்சு எழுந்தது. கட்டண உயர்வுக் கோரிக்கைக்கும் அது வலுச் சேர்த்தது.

2014 ஆகஸ்ட் 14இல் வந்த சுற்றறிக்கை நவம்பர் முதல் நடைமுறையானது. மும்பை, புதுதில்லி, சென்னை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஆறு பெருநகரங்களில் பிற வங்கி ஏடிஎம் இலவசம் ஐந்திலிருந்து மூன்றானது. அதைவிட முக்கியம், சொந்த வங்கியின் ஏடிஎம்மிலும் ஐந்துக்கு மேல் கட்டணம் வாங்க வங்கிகளுக்கு உரிமை கிடைத்தது. இன்டர்சேஞ்ச் சுமையே இல்லாத இடத்திலும் கட்டணம் நுழைந்தது. பிறர் இயந்திரத்துக்கான வாடகை என்ற நியாயம் இங்கே பொருந்தாது.

2016 நவம்பர் 8 பணமதிப்பு நீக்க அறிவிப்புக்குப் பின் டிசம்பர் 30 வரை சேமிப்புக் கணக்குகளுக்குக் கட்டணம் தள்ளுபடியானது. அவசியம் என்று வந்தால் வலையமைப்பை எல்லோருக்கும் திறந்துவிட முடியும் என்பதற்கு அந்தச் சில வாரங்கள் சான்று.

2019இல் இந்திய வங்கிகள் சங்கத்தின் தலைமைச் செயல் அலுவலர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. விளைவாக 2021 ஆகஸ்டில் இன்டர்சேஞ்ச் 17 ரூபாயாகவும், 2022 ஜனவரியில் வாடிக்கையாளர் கட்டண உச்சவரம்பு 21 ரூபாயாகவும் உயர்ந்தன. 2025 மே முதல் அவை முறையே 19, 23. நோட்டு நிரப்பும் வண்டி, வாடகை, மின்சாரம், பராமரிப்பு எல்லாம் ஏறியிருப்பது உண்மை. இயந்திரம் நடத்துவோரின் குறையை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் 15க்கு 20, 17க்கு 21, 19க்கு 23 என்ற வரிசையைப் பார்த்தால், இன்டர்சேஞ்ச் ஏறும் ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளரின் உச்சவரம்பும் பின்தொடர்ந்து ஏறுகிறது. நடுவே எப்போதும் நான்கைந்து ரூபாய் இடைவெளி. தன் வாடிக்கையாளர் பிறர் இயந்திரத்துக்குப் போவதால், தான் ஓர் இயந்திரம் நிறுவும் செலவு வங்கிக்கு மிச்சமாகிறது. அந்த மிச்சம் இந்தக் கணக்கில் எங்கும் காணப்படவில்லை.

கட்டணம் தொகைக்கு ஏற்ப மாறாததால் அதன் பாரமும் சமமாக விழுவதில்லை. 10,000 ரூபாய் எடுப்பவருக்கு 27 ரூபாய் 14 காசு என்பது 0.27 விழுக்காடு, 500 ரூபாய் எடுப்பவருக்கு 5.4 விழுக்காடு. மூன்றா ஐந்தா என்பதை ஊரைப் பார்த்து முடிவுசெய்யும் விதி, எடுக்கும் தொகையைப் பார்ப்பதேயில்லை. சென்னையில் தினக்கூலிக்கு உழைப்பவருக்கும் மூன்றுதான்.

2019 ஆகஸ்டில் ஒரு நல்ல தெளிவு வந்தது. இயந்திரக் கோளாறு, தொடர்புத் துண்டிப்பு, நோட்டு இல்லாமை போன்ற காரணங்களால் தோற்கும் பரிவர்த்தனைகளை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. சொந்த வங்கி ஏடிஎம்மில் இருப்பு பார்ப்பதையும் சேர்க்கக் கூடாது. அடுத்த மாதச் சுற்றறிக்கையின்படி, கணக்கில் கழிந்தும் பணம் வராவிட்டால் ஐந்து நாளுக்குள் தொகை திரும்ப வேண்டும்; அதற்குமேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ஆனால் கணக்கில் போதிய இருப்பு இல்லாமல் தோற்கும் முயற்சி இந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. அதற்குத் தனியே கட்டணம் பிடிக்கும் வங்கிகள் இருக்கின்றன. ஒரு நோட்டும் வெளிவராத அந்த முயற்சிக்கான கட்டணத்தை ரிசர்வ் வங்கி முதலில் நீக்க வேண்டும். அதற்கு இன்டர்சேஞ்ச் கணக்கைத் திருத்தக் காத்திருக்கத் தேவையில்லை.