கரையில் நிற்கும் கலம்

நம்முடைய கப்பல் வரலாறு பெரும்பாலும் ஓடும் கப்பலின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. கொற்கை முத்தை ஏற்றிச் சென்ற கலங்களையும் கொழும்புக்குப் புகைவிட்டுப் போன சுதேசிக் கப்பல்களையும் பற்றி நிறையப் படித்திருக்கிறோம். துறையில் நின்ற நாட்களில் ஒரு கலம் எவ்வாறு பேணப்பட்டது, அதற்கு என்ன செலவாயிற்று என்று கேட்பவர்கள் குறைவு.

நெல்லைச் சீமையில் இந்தக் கேள்வியை எழுப்பினால் தாமிரபரணி குறுக்கே வந்துவிடும். அது கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் கொற்கைத் துறையைத் தூர்த்தது. பெரிப்ளூஸ் காலத்து யவனர் அறிந்திருந்த அந்தத் துறைமுகம் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வயல்கள் சூழ்ந்த சிற்றூர். மார்க்கோ போலோ கண்ட காயலுக்கும் அதே கதிதான். கால்டுவெல் இவ்விடங்களை ஆராய்ந்து, 1881-இல் வெளியான தம் திருநெல்வேலிச் சரித்திரத்தில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பின்னர் எழுச்சி பெற்ற தூத்துக்குடியிலும் ஆழம் போதவில்லை. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளி நங்கூரமிட, தோணிகளே சரக்கையும் ஆட்களையும் கொண்டுபோய்ச் சேர்த்தன. 1974-இல் புதிய துறைமுகம் திறக்கப்பட்ட பிறகுதான் பெரிய கப்பல் கரையோரம் அணைந்து நிற்க முடிந்தது.

அந்தப் பழைய துறைக்கு வெளியே நின்ற கப்பல்களில் வ.உ.சி.யின் கப்பல்களும் உண்டு. 1906 அக்டோபரில் பதிவான சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, பத்து லட்ச ரூபாய் மூலதனத்தை 25 ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்துத் திரட்ட முனைந்தது. 1907-இல் 'காலியா', 'லாவோ' இரண்டும் வந்து சேர்ந்தன. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தது என்பார்கள். இக்கதையில் குடையைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் பயணி வராத நாளிலும் கொதிகலனைக் கவனிக்க வேண்டும், மாலுமிக்குச் சம்பளம் தர வேண்டும், உப்புக்காற்று தின்னும் இரும்புக்கு வண்ணம் பூச வேண்டும். வட்டிக் கடனைப் போல நிற்கும் கப்பலும் நாள்தோறும் தின்னும். 1908 மார்ச்சில் வ.உ.சி. சிறைப்பட்ட பின் அந்தச் செலவைத் தாங்கும் தோள் இல்லை. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

1944-இல் பாபநாசத்தில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. துறைகளைத் தூர்த்த அதே ஆறு, மலையிலிருந்து இறங்கும் இடத்தில் இந்தப் பள்ளத்தாக்குக்கு மின்சாரமும் தந்தது. கரையில் கட்டிய படகுக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொடுக்கும் காலம் பிறகு வந்தது. அதன் தேவையை உணர்த்தியது மீன்பிடித் தடைக்காலம். தமிழகக் கிழக்குக் கரையில் 2001-இல் 45 நாட்களாகத் தொடங்கி, 2017-இல் 61 நாட்களாக நீண்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அடிப்பலகை சுரண்டுவது, வண்ணம் பூசுவது, எந்திரம் பிரிப்பது எல்லாம் அந்த நாட்களில்தான். இவற்றுக்கிடையே சத்தமின்றிச் சாகும் பொருள் ஒன்று உண்டு: பேட்டரி.

விளக்கு, வயர்லெஸ், ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், படகின் அடியில் ஊறும் நீரை இறைக்கும் மோட்டார் எல்லாம் அதை நம்பியே இருக்கின்றன. 1859-இல் பிரெஞ்சுக்காரர் காஸ்டன் பிளாந்தே கண்டுபிடித்த ஈய அமில மின்கலத்தின் அடிப்படை இன்றும் மாறவில்லை. மின்சாரம் வடியும்போது இரு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் இறுகிய படிகமாகிறது, பிறகு மீட்பது கடினம். பயன்படுத்தாவிட்டாலும் பேட்டரி தானே வடியும். சித்திரை வெயிலில் இன்னும் விரைவாக. முழுதாக நிறைந்த 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 அல்லது 12.7 காட்டும். 12.4-க்குக் கீழே அதை நாள்கணக்கில் விடலாகாது.

கரை மின்சாரத்தை ஓயாமல் கொடுத்துக்கொண்டே இருப்பதும் கேடுதான். சார்ஜர் 14.4 வோல்ட் அளவில் நிரப்பிவிட்டு, 13.2 முதல் 13.6 வரை இறங்கி நிற்க வேண்டும். இறங்காத மலிவுச் சார்ஜர் நீரை ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரித்து வெளியேற்றும். மூடிய அறையில் ஒரு பொறி போதும். கடல்நீர் அமிலத்தில் கலந்தாலோ குளோரின் வாயு கிளம்பும். அக்கால நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகள் பெரிதும் அஞ்சியது இதற்குத்தான். கரைக்கம்பியின் எர்த் வழியாகப் பக்கத்துப் படகுகளோடு மின்தொடர்பு உண்டாகிச் சுழலியின் உலோகம் அரிபடுவதும் உண்டு. ஆகவே பலர் பேட்டரியைக் கழற்றிக் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அது பழைய வழிதான் என்றாலும் எனக்கு அதில் குறை தெரியவில்லை.

2023-இல் மத்திய அரசு வெளியிட்ட 'ஹரித் சாகர்' வழிகாட்டுதல்கள், நிற்கும் பெரிய கப்பல்களுக்கே கரையிலிருந்து மின்சாரம் தரச் சொல்கின்றன. படகுகளின் பேட்டரிக்கு வேண்டியது இன்னும் எளியது. மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து, தகடு மூழ்குமளவு நீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். தூத்துக்குடி குடிக்கும் தாமிரபரணித் தண்ணீர் எவ்வளவு சுவையானாலும் அதில் கரைந்த தாதுக்கள் தகட்டுக்கு ஆகாது.