லண்டனை மூடிய கரிப்புகை

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனைக் கரிப்புகை மூடியது. அரங்குக்குள்ளும் புகை புகுந்து இசைநாடகம் பாதியில் நின்றது. கண்காட்சிக்கு வந்த மாடுகள் மூச்சுத் திணறிச் செத்தன. வழக்கத்தைவிடச் சுமார் 4,000 பேர் கூடுதலாக இறந்தனர். பின்வந்த மாதங்களிலும் சாவு வழக்கமான அளவுக்குக் குறையவில்லை. அதற்கு இன்ஃபுளூயன்சாவே காரணம் என்றது அரசு. காய்ச்சல் பரவியது உண்மைதான். ஆனால் அத்தனை சாவுக்கும் அதுவே காரணமாகாது என்ற பிந்தைய ஆய்வு, மொத்தம் 12,000 வரை இருக்கலாம் என்றது.

அன்று இறந்தவர்களின் நுரையீரல் திசுக்களிலும் நுண்துகள்கள் பின்னாளில் கண்டறியப்பட்டன. இறந்தவர்களில் பலர் முதியவர்கள், நோயாளிகள்தானே என்பார்கள். அவர்களின் மீதி ஆயுளும் ஆயுள்தான். மாசுக்காற்று வேறு நோயின் பெயரில், நாள் தள்ளிக் கொல்கிறது, அதனாலேயே தப்பிவிடுகிறது. நிலக்கரிப் புகைக்குக் கடிவாளமிட்ட 1956 தூய காற்றுச் சட்டம், அந்தக் கொலையைத் தடுக்க முடியும் என்று காட்டியது.