சிவராமகிருஷ்ணன், எல்.

லட்சுமண் சிவராமகிருஷ்ணன் (பிறப்பு: 31 டிசம்பர் 1965, சென்னை) 1983 முதல் 1987 வரை இந்திய அணிக்கு ஆடிய லெக் ஸ்பின் பந்துவீச்சாளர், பிற்காலத்தில் கிரிக்கெட் வர்ணனையாளர். ரசிகர்களுக்கும் சக ஆட்டக்காரர்களுக்கும் ‘சிவா’. 9 டெஸ்ட் ஆட்டங்களில் 26 விக்கெட்டும் 16 ஒருநாள் ஆட்டங்களில் 15 விக்கெட்டும் எடுத்தார். டெஸ்ட் விக்கெட்டுகளில் 23 ஒரே தொடரில் வந்தவை. அந்தத் தொடர் தொடங்கியபோது அவருக்கு வயது 18. கடைசி டெஸ்ட் ஆட்டத்தில் அவர் களமிறங்கியபோது 20 வயது நிரம்பி இரண்டே நாள் ஆகியிருந்தது. அபாரத் திறமை, நிலையில்லாத ஆட்டம் என்று இவரைப் பற்றிப் பொதுவாகச் சொல்வார்கள். திறமை பற்றி இரு கருத்து இல்லை. நிலையின்மை என்ற தீர்ப்பு மட்டும் மறுபடி பார்க்கப்பட வேண்டியது.

லெக் ஸ்பின் மரபு

வலக்கை வீச்சாளர் மணிக்கட்டை மடக்கி விரித்துச் சுழற்றிவிடும் பந்து, வலக்கை ஆட்டக்காரரின் கால் பக்கத்திலிருந்து ஆஃப் ஸ்டம்பை நோக்கித் திரும்பினால் அது லெக் பிரேக். அதே கையசைவில், பந்து கையின் புறப்பக்கத்திலிருந்து புறப்பட்டு எதிர்த்திசையில் திரும்பினால் அது கூக்ளி. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் போசன்கே இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டுக்கும் நடுவே, திரும்பாமல் நேராக வந்து எதிர்பார்த்ததைவிட உயரமாக எழும்பும் டாப் ஸ்பின்னர் உண்டு. இந்த மூன்றையும் ஆட்டக்காரர் பிரித்தறியாதபடி ஒரே கையசைவில் வீசுவதுதான் இக்கலையின் உயரம். விரல் சுழலைவிட மணிக்கட்டுச் சுழலில் பிழைக்கு இடம் அதிகம். பந்து கையை விட்டுப் பிரியும் கணம் சற்றே முந்தினால் ஃபுல் டாஸ். சற்றே பிந்தினால் பாதி ஆடுகளத்தில் குத்தி நிற்கும். இந்தப் பந்துவீச்சு கைவர ஆண்டுகள் பல ஆகும். கைவந்த பிறகும் அதைக் காத்துக்கொள்ளத் தொடர்ந்து வீசக் கிடைக்கும் ஓவர்களும், அடி விழும்போது பந்தைப் பறித்துக்கொள்ளாத கேப்டனும் தேவை.

இந்தியாவில் இந்த மரபின் முதல் பெரும் பெயர் சுபாஷ் குப்தே. 36 டெஸ்ட்களில் 149 விக்கெட் எடுத்தவர். அடுத்து பி.எஸ். சந்திரசேகர். போலியோ தாக்கிய கையால் மிதவேகத்துக்கு அருகில் லெக் பிரேக்கும் கூக்ளியும் வீசி, 58 டெஸ்ட்களில் 242 விக்கெட் குவித்தார். 1979இல் அவர் ஆட்டம் முடிந்தபின் இந்திய அணியில் அந்த இடம் காலியாகவே கிடந்தது. உலகெங்கும் அதே நிலைதான். மேற்கிந்தியத் தீவுகளின் நால்வர் வேகப்படை வென்றுகொண்டிருந்த அந்தக் காலத்தில், பாகிஸ்தானின் அப்துல் காதிர் ஒருவரே இக்கலையைப் பெரிய மேடையில் தாங்கிப் பிடித்திருந்தார்.

தமிழ்நாட்டுக்கும் இதில் சொந்த வரலாறு ஒன்று உண்டு. சென்னையின் வி.வி. குமார் 1961 பிப்ரவரியில் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிரான தம் முதல் டெஸ்டின் முதல் இன்னிங்ஸிலேயே 5 விக்கெட் எடுத்தார். அதன்பின் அவருக்குக் கிடைத்தது இன்னும் ஒரே ஒரு டெஸ்ட். ரஞ்சிக் கோப்பையில் மட்டும் 417 விக்கெட்டும், முதல்தர ஆட்டங்கள் அனைத்திலும் சேர்த்து 599 விக்கெட்டும் எடுத்த ஒருவரின் டெஸ்ட் வாழ்வு இரண்டு ஆட்டங்களோடு முடிந்தது. சிவராமகிருஷ்ணனின் கதையைப் படிப்பவர் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சென்னையிலிருந்து வந்த லெக் ஸ்பின்னரைத் தேர்வாளர்கள் பொறுமையின்றி நடத்தியது அவரில் தொடங்கவில்லை.

இளமையும் பள்ளி ஆட்டமும்

சென்னையில் பள்ளி ஆட்டங்கள், கல்லூரி ஆட்டங்கள், நிறுவனங்கள் ஆதரிக்கும் லீக் ஆட்டங்கள் என்று படிப்படியாக ஏறிச்செல்லும் அமைப்பு நெடுங்காலமாக இருந்துவருகிறது. ஒரு சிறுவனின் திறமை அங்கே கண்ணில் படாமல் போவது அரிது.

அந்த அமைப்பில் சிவராமகிருஷ்ணன் 12 வயதிலேயே கண்ணில் பட்டார். சென்னைப் பள்ளிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டமொன்றில் 2 ரன் மட்டும் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். 1980இல் ரவி சாஸ்திரி தலைமையில் இலங்கை சென்ற 19 வயதுக்குட்பட்டோர் அணியில் அவரே மிக இளையவர். 1981–82 பருவத்தில், டெல்லிக்கு எதிரான ரஞ்சிக் கோப்பைக் காலிறுதியில் தமிழ்நாட்டுக்காக முதல்தர ஆட்டத்தில் அறிமுகமாகி, இரண்டாம் இன்னிங்ஸில் 28 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். டெல்லி அன்று நாட்டின் வலுவான அணிகளில் ஒன்று. அடுத்து துலீப் கோப்பையில் தென் மண்டலத்துக்காக மேற்கு மண்டலத்தை எதிர்த்து ஆடியபோது அவரிடம் விக்கெட்டைப் பறிகொடுத்தவர்களில் சுனில் கவாஸ்கரும் ஒருவர். கவாஸ்கர் அன்று இந்திய அணியின் கேப்டன். விரல்விட்டு எண்ணக்கூடிய முதல்தர ஆட்டங்களே ஆடியிருந்த நிலையில் 1982–83 பாகிஸ்தான் சுற்றுப்பயணத்துக்கு அவர் தேர்வானார். அங்கே டெஸ்ட் ஆடவில்லை; 17ஆம் பிறந்தநாள் அந்தப் பயணத்தில் கழிந்தது.

டெஸ்ட் ஆட்டங்கள்

1983 ஏப்ரல் 28 அன்று ஆன்டிகுவாவின் செயின்ட் ஜான்ஸ் மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அறிமுகமானபோது அவருக்கு வயது 17 ஆண்டு 118 நாள். அதுவரை இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடியவர்களில் இவரே மிக இளையவர். 1989இல் சச்சின் டெண்டுல்கர் வரும்வரை அந்தச் சாதனை நின்றது. பந்துக்கு எந்த உதவியும் தராத ஆடுகளம் அது. கிரீனிட்ஜ், ஹேன்ஸ், டூஜான், லாய்ட் நால்வரும் சதம் அடித்தனர். சிவராமகிருஷ்ணனுக்கு விக்கெட் கிடைக்கவில்லை. பிறகு ஒன்றரை ஆண்டு அவருக்கு டெஸ்ட் வாய்ப்பு இல்லை.

1984–85இல் டேவிட் கோவர் தலைமையில் இங்கிலாந்து அணி வந்தது. பயணம் தொடங்கிய சில மணி நேரத்தில் பிரதமர் இந்திரா காந்தி படுகொலை செய்யப்பட்டார். பம்பாயில் முதல் டெஸ்டுக்கு முந்தைய நாள், நவம்பர் 27 அன்று, பிரிட்டிஷ் துணைத் தூதர் பெர்சி நோரிஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். இங்கிலாந்து அணிக்கு முந்தைய மாலை விருந்தளித்தவர் அவர். ஆட்டம் நடக்குமா என்ற கேள்வியோடு விடிந்த காலையில்தான் 18 வயது சிவராமகிருஷ்ணன் வான்கடே மைதானத்தில் பந்தைக் கையில் எடுத்தார்.

அவருடைய முதல் டெஸ்ட் விக்கெட் ஒரு ஃபுல் டாஸ் பந்துக்கு விழுந்தது. கிரேம் ஃபவுலர் அதை அவரிடமே கேட்சாகக் கொடுத்தார். மற்றவை அப்படி எளிதாக வந்தவை அல்ல. உயரம் குறைந்தவர் என்பதால் அவர் பந்து மட்டையாளரின் கண்மட்டத்துக்கு மேலே எழும்பி, எதிர்பார்த்த இடத்துக்கு முன்பே தாழ்ந்து விழும். முன்காலை நீட்டி வந்தவர் பந்தை எட்ட முடியாமல் தவிப்பார்; அடுத்த பந்து கூக்ளியாக இருந்தால் மட்டைக்கும் காலுக்கும் நடுவே புகுந்துவிடும். இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில் 195 ரன்னுக்குச் சுருண்டது. சிவராமகிருஷ்ணனுக்கு 64 ரன்னுக்கு 6 விக்கெட். இந்தியா 8 விக்கெட்டுக்கு 465 ரன் எடுத்து டிக்ளேர் செய்தது. சாஸ்திரியும் கிர்மானியும் சதம் அடித்தனர். இரண்டாம் இன்னிங்ஸில் மைக் கேட்டிங் தம் முதல் டெஸ்ட் சதத்தை அடித்து எதிர்த்து நின்றபோதும், 117 ரன்னுக்கு 6 விக்கெட். ஆட்டத்தில் மொத்தம் 181 ரன்னுக்கு 12. இந்தியா 8 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. நெடுநாள் டெஸ்ட் வெற்றியே காணாத அணிக்கு அதை ஒரு பதின்வயதுப் பையன் வாங்கித் தந்தான்.

டெல்லியில் அடுத்த டெஸ்டின் முதல் இன்னிங்ஸிலும் 99 ரன்னுக்கு 6 விக்கெட். மூன்று இன்னிங்ஸ் அடுத்தடுத்து ஆறு ஆறாக விழுந்தன. ஆனால் அந்த ஆட்டத்தில் இந்தியா தோற்றது. அங்கிருந்து தொடரின் போக்கு மாறியது. இங்கிலாந்து மட்டையாளர்கள் அவரைப் படித்துக்கொண்டார்கள். கேட்டிங் தொடரில் 575 ரன் குவித்தார். சொந்த மண்ணான சேப்பாக்கத்தில் ஃபவுலர் 201, கேட்டிங் 207 என்று இரட்டைச் சதங்கள் விழுந்த நாட்களில் சிவராமகிருஷ்ணனால் பெரிதாக எதுவும் செய்ய இயலவில்லை. தொடர் 2–1 என இங்கிலாந்துக்குப் போனது. அப்படியும் இரு அணிகளிலும் அதிக விக்கெட் எடுத்தவர் அவரே. இதே தொடரில் கல்கத்தாவில் அறிமுகமாகி முதல் மூன்று டெஸ்ட்களிலும் சதமடித்த அசாருதீன் 99 டெஸ்ட் ஆடினார். சிவராமகிருஷ்ணனுக்கு அதன்பின் கிடைத்தவை மூன்று.

1985இல் இலங்கையிலும், 1985–86இல் ஆஸ்திரேலியாவிலும் ஆடிய அந்த மூன்று டெஸ்ட்களில் 3 விக்கெட் மட்டுமே விழுந்தன. சிட்னியில் 1986 ஜனவரி 2 அன்று தொடங்கிய டெஸ்டே கடைசி.

உலகச் சாம்பியன்ஷிப், 1985

ஒருநாள் ஆட்டத்தில் லெக் ஸ்பின்னரை இறக்குவது ரன்னை வாரிக் கொடுப்பதற்குச் சமம் என்று எல்லோரும் நம்பியிருந்த காலம் அது. 1985 பிப்ரவரி–மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் நடந்த பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் உலகச் சாம்பியன்ஷிப்பில் கவாஸ்கர் அந்த நம்பிக்கையை உடைத்தார். விளக்கொளியில், வெள்ளைப் பந்தில், பெரிய மைதானங்களில் சிவராமகிருஷ்ணன் பந்தை மேலே தூக்கிப் போட்டே 10 விக்கெட் எடுத்தார். மார்ச் 10 அன்று மெல்போர்னில் பாகிஸ்தானுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் 35 ரன்னுக்கு 3. அவற்றில் ஒன்று, 48 ரன் எடுத்து ஆட்டத்தைத் தாங்கி நின்ற ஜாவேத் மியாண்டாடின் விக்கெட். இறங்கி வந்தவரை விக்கெட் கீப்பர் சதானந்த் விஸ்வநாத் ஸ்டம்பிங் செய்தார். பாகிஸ்தான் 176 ரன்னில் நின்றது. இன்னொரு சென்னைக்காரரான ஸ்ரீகாந்த் 67 ரன் அடிக்க, இந்தியா 8 விக்கெட் வித்தியாசத்தில் கோப்பையை வென்றது. 1983 உலகக் கோப்பையின் புகழில் இந்த வெற்றி மங்கிக் கிடக்கிறது. ஒருநாள் ஆட்டத்தில் இந்தியா அதுவரை ஆடிய ஆட்டங்களில் இதுவே முழுமையானது.

சரிவு

சிவராமகிருஷ்ணனின் சரிவுக்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டுவருகின்றன. இளவயதுப் புகழைத் தாங்க முடியவில்லை, கட்டுப்பாடு போயிற்று, வீச்சு முறை குலைந்தது என்பவை அவற்றுள் சில. எண்கள் வேறொன்றைச் சொல்கின்றன. கவாஸ்கர் தலைமையில் ஆடிய 5 டெஸ்ட்களில் 23 விக்கெட். கபில்தேவ் தலைமையில் ஆடிய 4 டெஸ்ட்களில் 3. உலகச் சாம்பியன்ஷிப்போடு கவாஸ்கர் தலைமையை விட்டு விலகினார். கபில்தேவ் மாபெரும் ஆட்டக்காரர். ஆனால் அவர் வேகப்பந்துவீச்சாளரின் கண்ணோடு களத்தைப் பார்த்தவர். மணிக்கட்டுச் சுழலுக்குத் தன்மேல் நம்பிக்கை வைத்த கேப்டன் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

பிற லெக் ஸ்பின்னர்களின் தொடக்கத்தையும் பார்க்க வேண்டும். ஷேன் வார்ன் 1992இல் 22 வயதில் இந்தியாவுக்கு எதிராக அறிமுகமானபோது 150 ரன் கொடுத்து 1 விக்கெட் எடுத்தார். அடுத்த டெஸ்டில் விக்கெட்டே இல்லை. அனில் கும்ப்ளே 1990இல் ஒரு டெஸ்ட் ஆடியபின் இரண்டு ஆண்டு வெளியே இருந்து, முதிர்ந்து திரும்பினார். சிவராமகிருஷ்ணனின் டெஸ்ட் வாழ்வு, வார்ன் தொடங்கிய வயதை எட்டும் முன்பே முடிந்துவிட்டது. ஒன்பது டெஸ்டை வைத்து ஒருவரை நிலையற்றவர் என்று சொல்ல முடியாது. 1988 ஜனவரியில் சேப்பாக்கத்திலேயே நரேந்திர ஹிர்வானி அறிமுக டெஸ்டில் 136 ரன்னுக்கு 16 விக்கெட் எடுத்தார். அவரும் 17 டெஸ்டோடு நின்றார்.

தோல் நிறத்தை வைத்துத் தம்மைச் சீண்டியவர்கள் பற்றி சிவராமகிருஷ்ணன் பிற்காலத்தில் வெளிப்படையாகப் பேசினார். சொந்த நாட்டிலேயே வாழ்நாள் முழுதும் நிறப்பாகுபாட்டைச் சந்தித்ததாக 2021இல் சமூக வலைத்தளத்தில் எழுதினார். 17 வயதில் மூத்தவர்கள் நடுவே தனியாக இருந்த பையனுக்கு அது என்ன செய்திருக்கும் என்பதை, அவருடைய சரிவை எழுதியவர்களில் மிகச் சிலரே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். ஒழுக்கக் குறைவு என்ற எளிய விளக்கத்தை ஏற்பவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

உள்நாட்டு ஆட்டமும் பிற்காலமும்

1987 ரிலையன்ஸ் உலகக் கோப்பை அணியில் இடம்பெற்று ஓரிரு ஆட்டங்களில் ஆடினார். 1987–88இல் தமிழ்நாடு, எஸ். வாசுதேவன் தலைமையில், 33 ஆண்டுகளுக்குப் பிறகு ரஞ்சிக் கோப்பையை வென்றபோது அணியில் இருந்தார். பந்துவீச்சு மங்கியபின் மட்டையைப் பிடித்து நின்றவர் அவர். முதல்தர ஆட்டத்தில் 5 சதம் உண்டு. பின்னர் பரோடாவுக்கும் ஆடினார். 2000இல் டாக்காவில் வங்கதேசத்தின் முதல் டெஸ்டின்போது வர்ணனையாளரானார், 2013இல் ஐ.சி.சி. கிரிக்கெட் குழுவில் வீரர்கள் பிரதிநிதியாகத் தேர்வானார். 2020 டிசம்பரில் பாரதிய ஜனதா கட்சியில் சேர்ந்தார்.