ஆறுக்கு ஆறரை: ஒரு டபுள் காட்டும் அதன் பூர்வீகமும்

போன சித்திரையில் குத்தம்பாக்கத்தில் புது வீட்டுக்குக் குடிவந்தோம். கட்டிலை பூந்தமல்லி பக்கம் ஒரு மரக்கடையில் சொல்லிச் செய்தேன். மெத்தையை ஆன்லைனில் வாங்கினேன். இரண்டு இடத்திலும் நான் சொன்னது ஒரே வார்த்தை: "கிங் சைஸ்".

மெத்தை வந்தது. கட்டிலுக்குள் இறங்கவில்லை. அகலத்தில் இரண்டு விரல் இடைவெளி, நீளத்தில் முக்கால் அங்குலம் அதிகம். கால்மாட்டில் சட்டத்தின்மேல் ஏறி, நடுவில் ஆட்டோ ஸ்பீட் பிரேக்கர் மாதிரி மேடு தட்டி நின்றது. கடைக்காரருக்கு போன் பண்ணினேன். "சார், எங்க கட்டில் கரெக்டா கிங் சைஸ்தான்" என்றார். மெத்தைக் கம்பெனியில், "சார், எங்க மெத்தையும் கிங் சைஸ்தான்" என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அதுதான் பிரச்சினை.

இருபது வருஷமா சாஃப்ட்வேர் எழுதுகிறவன் நான். ஒரே பெயர், இரண்டு இடத்தில் இரண்டு மதிப்பு. இந்தப் பிழையை அலுவலகத்தில் எத்தனையோ முறை பிடித்திருக்கிறேன். வீட்டில் கோட்டை விட்டுவிட்டேன். சரி, இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடல் வழக்கம்போல எங்கெங்கோ போய், கடைசியில் எங்கம்மாவின் பழைய கட்டிலில் வந்து நின்றது.

முதலில் அளவுக் கணக்கு. நம்மூர் கடைகளில் கிங் சைஸ் என்றால் பொதுவாக 72 அங்குலம் அகலம், 78 அங்குலம் நீளம். தச்சர் பாஷையில் ஆறுக்கு ஆறரை. சென்டிமீட்டரில் 182.88க்கு 198.12. ஐரோப்பிய அளவில் செய்யும் மெத்தை 180க்கு 200. ஆக, அகலத்தில் 2.88 சென்டிமீட்டர் குறைவு, நீளத்தில் 1.88 சென்டிமீட்டர் அதிகம். என் வீட்டு மேட்டுக்கு இதுதான் காரணம்.

இன்னும் வேடிக்கை இருக்கிறது. இங்கிலாந்தில் கிங் சைஸ் என்றால் 60 அங்குல அகலம்தான். நாம் அதை குவீன் சைஸ் என்கிறோம். நம்ம கிங் அங்கே சூப்பர் கிங். அமெரிக்காவில் கிங் 76க்கு 80. ராஜா ஒருவர்தான், நாட்டுக்கு நாடு சுற்றளவு மாறுகிறார். கிங், குவீன் என்ற பெயர்களை 1950களின் கடைசியில் அமெரிக்க மெத்தைக் கம்பெனிகள் பரப்பின. அதற்கு முன் அங்கே இரண்டு பேர் படுக்கும் சாதாரண மெத்தை 54 அங்குலம்தான். போருக்குப் பிறகு வீடுகள் பெரிதாயின, சம்பளம் கூடியது, மெத்தையும் விரிந்தது. எந்த அரண்மனைக்கும் இந்த அளவுக்கும் சம்பந்தமில்லை, விளம்பரப் பெயர் அவ்வளவுதான்.

ஆனால் தமிழில் கட்டிலுக்கும் ராஜாவுக்கும் நிஜமாகவே சம்பந்தம் உண்டு. சங்க காலத்தில் கட்டில் என்ற சொல் சிம்மாசனத்தையும் குறித்தது. 'அரசுகட்டிலில் துஞ்சிய பாண்டியன் நெடுஞ்செழியன்' என்று ஒரு மன்னனுக்குப் பெயரே இருக்கிறது. முரசுக்கும் தனிக் கட்டில் உண்டு. புறநானூற்றின் 50ஆம் பாட்டு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். களைத்து வந்த புலவர் மோசிகீரனார், முரசை நீராட்ட எடுத்துப்போன நேரம் பார்த்து, அது முரசுகட்டில் என்று அறியாமல் ஏறிப் படுத்துத் தூங்கிவிடுகிறார். தண்டிக்க வேண்டிய சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை, பக்கத்தில் நின்று விசிறி வீசுகிறான். கதையில் கவனிக்க வேண்டியது: மெத்தென்று கட்டில் ஒன்று கண்ணில் பட்டால் ஏறிப் படுக்கத் தோன்றும் அளவுக்கு அது அபூர்வமான பொருள்.

நெடுநல்வாடையில் நக்கீரர் பாண்டிமாதேவியின் கட்டிலை வர்ணிக்கிறார். நாற்பது வயதான, போரில் பட்ட யானையின் தந்தம், தேர்ந்த தச்சனின் வேலைப்பாடு, அன்னத்தின் தூவி பரப்பிய மெத்தை. தமிழில் நமக்குக் கிடைக்கும் மிக விரிவான கட்டில் வர்ணனைகளில் இது ஒன்று. ஒரு மாடர்ன் ஷோரூம் கேட்லாக் தோற்றுப்போகும். ஆனால் அந்தப் பெரிய கட்டிலில் அரசி தனியாகத்தான் கிடக்கிறாள். அரசன் பாசறையில், நள்ளிரவில், காயம்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

மற்ற எல்லோருக்கும்? பாய்தான்.

எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர் திருமழிசை. திருமழிசை ஆழ்வார் பிறந்த ஊர். அவருடைய சீடன் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் காஞ்சியை விட்டுப் போகச் சொன்னபோது, ஆழ்வாரும் கிளம்பினார். கிளம்பும்போது திருவெஃகா பெருமாளிடம், நீயும் உன் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வா என்றார், பெருமாளும் அப்படியே எழுந்து பின்னால் நடந்தார் என்பது ஐதீகம். மன்னன் மன்னிப்புக் கேட்டபின், திரும்பி வந்து படுக்கையை விரித்துக்கொள் என்றாராம். அதனால்தான் அவருக்கு 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்' என்று பெயர். நான் கவனிப்பது வேறு விஷயம். ஆதிசேஷனையே சுருட்டக்கூடிய பாயாகத்தான் இந்த ஊர்ப்பக்கத்துக் கற்பனை பார்த்திருக்கிறது. படுக்கை என்றால் எழுந்ததும் சுருட்ட வேண்டும். ஊரை விட்டுக் கிளம்பினால் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

இந்தச் 'சுருட்டல்' சின்ன விஷயமில்லை. பாய் இரவில் பதினெட்டு சதுர அடி, பகலில் சுவரோரம் அரை அடி. பகலில் சாப்பிடும் கூடமே இரவில் படுக்கும் கூடம். பெட்ரூம் என்று தனி அறை தேவைப்படவில்லை. பாயில் மட்டமும் உண்டு, உசத்தியும் உண்டு. தாமிரபரணிக் கரையில் பத்தமடையில் கோரையை ஊறவைத்து, மெல்லிசாகக் கிழித்து நெய்யும் பட்டுப்பாயை மடித்துப் பைக்குள் வைக்கலாம். மாப்பிள்ளை, பெண் பெயரை நெய்து கல்யாணப் பாய் தருவார்கள். 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பரிசாகப் போனதும் பத்தமடைப் பாய்தான். ஆக, நிஜமான ஒரு குவீனுக்கு நாம் அனுப்பியது பாய்!

ஐரோப்பாவில் மட்டும் ஆளுக்கொரு கட்டில் இருந்தது என்று நினைக்க வேண்டாம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 'வேர் ஊர்ப் பெரிய கட்டில்' இருக்கிறது. 1590 வாக்கில் ஒரு சத்திரத்துக்காகச் செய்தது. அகலமே பத்தரை அடிக்கு மேல். ஷேக்ஸ்பியர் நாடகத்தில்கூட அதைப் பற்றிக் கிண்டல் வரும். சத்திரத்தில் முன்பின் தெரியாதவர்கள் ஒரே கட்டிலில் படுப்பது அன்றைக்குச் சாதாரணம். புருஷன் பெண்டாட்டி இருவருக்கு மட்டும் ஒரு அறை, அதில் ஒரு கட்டில் என்ற ஏற்பாடு எல்லா ஊரிலும் காசும் இடமும் சேர்ந்த பிறகு வந்ததுதான்.

நம்மூரில் இடையில் இன்னொரு கட்டம் உண்டு. இலவம்பஞ்சு மெத்தை. போடிநாயக்கனூர் பக்கமிருந்து பஞ்சு வரும். இலவம்பஞ்சின் இழை உள்ளே குழல் போல வெற்றாக இருக்கும், மேலே மெழுகுப் பூச்சு, தண்ணீர் ஒட்டாது. அதனால்தான் ஒரு காலத்தில் கப்பல் உயிர்காப்பு உடைகளில் அதை அடைத்தார்கள். படுத்தால் சூடு ஏறாது. இரண்டு மூன்று வருஷத்தில் கட்டி தட்டும். வில் மாதிரி ஒரு கருவியோடு பஞ்சு அடிப்பவர் தெருவில் வருவார். வாசலில் மெத்தையைப் பிரித்து, அடித்து, மறுபடி தைத்துக் கொடுப்பார். தெருவே பஞ்சாகப் பறக்கும்.

இங்கேதான் என் பிழைக்கு விடை கிடைத்தது. பஞ்சு மெத்தைக்கு அளவு என்று ஒன்று கிடையாது. கட்டில் எவ்வளவோ மெத்தை அவ்வளவு. தைப்பவர் கட்டிலில் முழம் போட்டுப் பார்த்து உறை தைப்பார். கட்டில் முதலில், மெத்தை பிறகு.

தொழிற்சாலை வந்ததும் வரிசை தலைகீழானது. 1929இல் இங்கிலாந்தில் டன்லப் கம்பெனியில் இ. ஏ. மர்ஃபி என்பவர் ரப்பர் பாலை முட்டை அடிப்பதுபோல் நுரைக்க அடித்து அச்சில் ஊற்றி ஃபோம் செய்தார். அம்பத்தூர்க்காரர்களுக்கு டன்லப் என்றால் டயர் ஃபேக்டரி. மற்றவர்களுக்கு 'டன்லப் மெத்தை'. 1962இல் கர்லான் தொடங்கியது. தேங்காய் நாரைச் சுருளாக்கி, ரப்பர் பால் தெளித்து, அழுத்தி வேகவைத்த மெத்தை வீடுகளுக்கு வந்தது. அச்சில் வார்க்கும் பொருளுக்கு அச்சின் அளவுதான் சட்டம். இனிமேல் மெத்தைக்குத் தகுந்தமாதிரிதான் கட்டில் செய்ய வேண்டும். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

அறையும் இதற்குத் தகுந்தமாதிரி இருக்க வேண்டும். ஒரு சிறிய படுக்கை அறையின் அகலம் 2.4 மீட்டர், அதாவது ஏழடி பத்தங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஆறடிக் கட்டிலைப் போட்டால் மிச்சம் இரண்டடிகூட இல்லை. என் அறை பத்துக்குப் பதினொன்று. சட்டத்தோடு கட்டில் ஆறடி மூன்றங்குலம். இரண்டு பக்கமும் 22 அங்குலம். பீரோ கதவு திறக்க அதுவே சரியாகப் போகிறது. வடக்கே தலைவைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள், நம்புகிறோமோ இல்லையோ கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆகவே வாங்குவதற்கு முன்னால் தலைமாடு எந்தச் சுவர் என்று முடிவு செய்துவிட்டு, தரையில் சாக்பீஸால் கட்டில் அளவுக்குக் கோடு போட்டு, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். பிறகு மெத்தையை முதலில் முடிவு செய்யுங்கள், பெயரால் அல்ல, எண்ணால். அந்த எண்ணைத் தச்சரிடம் எழுதிக் கொடுங்கள். உள்ளளவா வெளியளவா என்பதையும் எழுதுங்கள்.

இப்போது அம்மாவின் கட்டில்.

அம்மாவுக்குச் சீராக வந்த தேக்குக் கட்டில் நாலுக்கு ஆறு. எங்கள் வீட்டில் அதற்கு 'டபுள் காட்' என்றுதான் பெயர். 48 அங்குலத்தில் ஆளுக்கு 24. அமெரிக்காவில் கைக்குழந்தையின் தொட்டில் மெத்தைகூட 27 அங்குலத்துக்கு மேல் இருக்கும். ஆறடிக் கட்டிலில் ஆளுக்கு 36 அங்குலம், அதாவது ஒரு சிங்கிள் காட்டின் முழு அகலம். டபுள் என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கு ஒன்றரை என்ற வித்தியாசம் இருக்கிறது.

இந்தக் கணக்கை அம்மாவிடம் சொல்லி, "நாலடியில ரெண்டு பேரும் எப்படிம்மா படுத்தீங்க?" என்று கேட்டேன்.

"யாரு ரெண்டு பேரும்? உங்கப்பாதான் அதுல படுப்பாரு. நான் கூடத்துல உங்களோட பாயில. அதுல நான் படுத்தது உன் தங்கச்சி பொறந்தப்போ பதினோரு நாள், அப்புறம் எனக்கு டைபாய்டு வந்தப்போ" என்றாள்.

அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. கட்டில் இப்போதும் காலியாகத்தான் கிடந்தது, மேலே மடித்த துணி. அம்மா கீழே பாயில். சீர்வரிசையில் டபுள் காட் கொடுப்பது கௌரவம்; அது டபுளாகப் பயன்பட்டதா என்று யாரும் கேட்டதில்லை. நெடுநல்வாடை அரசிக்குக் கட்டில் இருந்தது, துணை இல்லை. எங்கம்மாவுக்கு எல்லாம் இருந்தது, படுக்க நேரமும் இடமும்தான் கிடைக்கவில்லை. எத்தனை வீடுகளில் இதே கதையோ.

இந்த வருஷம் அம்மாவுக்கு முட்டி சுத்தமாக முடியவில்லை. தரையிலிருந்து எழ சுவரைப் பிடிக்கிறாள். கால்மாட்டுச் சட்டத்தை இழைக்க வந்த தச்சரிடம் அந்தப் பழைய கட்டிலையும் காட்டினேன். வயசானவர்கள் கட்டிலுக்கு நீள அகலத்தைவிட உயரம்தான் முக்கியம் என்றார் அவர். ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுசாகத் தரையில் பதிய வேண்டும், முட்டி நேராக மடங்க வேண்டும். கட்டில் உயரம் 18 அங்குலம், அதன்மேல் நாலங்குல மெத்தை போட்டால் 22. அம்மாவுக்குக் கால் தொங்கும். மூன்று அங்குலம் அறுக்கச் சொன்னார். தேக்குக் காலை அறுப்பதா என்று நான் யோசித்தேன்.

"அறுங்க. எங்கப்பா குடுத்த கட்டில், எனக்குத்தானே" என்றாள் அம்மா.

அறுத்த நாலு துண்டுகளையும் எடுத்து வைத்திருக்கிறேன். மெத்தை இலவம்பஞ்சில் சொல்லித் தைத்தது, 48க்கு 72. கட்டிலை அளந்துதான் சொன்னேன். முட்டாமல் மோதாமல் இறங்கியது.